ஒய் எழுத்து யூரோவுக்கு எட்டரை ரூபாய் குறைத்த கடைக்குப் பத்து வருஷம் கழித்து மறுபடி போனேன்

இரண்டு ஸ்டார். அதில் ஒன்று ஏசிக்கு.

கடைப் பெயரைப் போடவில்லை, கேட்டு மெசேஜும் அனுப்ப வேண்டாம். நாகர்கோவிலில் மாடிப்படி ஏறிப் போகிற ஒரு நாணய மாற்றுக் கடை, அவ்வளவுதான். வாசலில் சிவப்பு லைட் எரிகிற விலைப் பலகை உண்டு. அதில் ஒரு கோடு செத்துப்போய் எட்டெல்லாம் ஆறாகத் தெரியும். 2015இலும் அப்படித்தான் இருந்தது, போன மாதம் போனபோதும் அதே கோடு அதே மாதிரி செத்துக் கிடக்கிறது. எங்கள் குடும்பத்தில் வளைகுடாவிலிருந்தோ கப்பலிலிருந்தோ யார் வந்தாலும், இப்போது ஜெர்மனியில் நர்ஸ் வேலையிலிருந்து வந்தாலும், நோட்டை மாற்றிக் கொடுக்கிற வேலை என் தலையில்தான். இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் என்னை மாதிரி இருப்பார், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பழைய கதை. 2015 ஜூலை. சித்தப்பா மகன் கப்பலில் மோட்டார்மேன். கிரேக்க முதலாளியின் சரக்குக் கப்பல், பிரேயஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பெராமா ரிப்பேர் யார்டில் கிடந்தது. அங்கேயே சைன் ஆஃப் செய்து, அதாவது ஒப்பந்தம் முடிந்து கப்பலை விட்டு இறங்கி, திருவனந்தபுரம் வழியாக ஊருக்கு வந்துவிட்டான். சம்பளம் டாலரில் பேங்குக்கு வந்துவிடும். கடைசியில் கையில் கொடுத்த பாக்கிதான் யூரோ. பதினாறு ஐம்பது யூரோ நோட்டு, மொத்தம் 800 யூரோ.

அந்த நேரத்தில் கிரீஸில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது ஞாபகம் இருக்கும். ஜூன் 29ஆம் தேதி திங்கட்கிழமை பேங்குகள் திறக்கவே இல்லை. ஏ.டி.எம்.மில் ஆளுக்கு நாளைக்கு 60 யூரோ. மறுநாள் சர்வதேச நாணய நிதியமான ஐ.எம்.எஃப்.புக்குக் கட்ட வேண்டிய தவணையைக் கட்டவில்லை. ஜூலை 5 ஞாயிற்றுக்கிழமை, கடன் கொடுத்தவர்கள் போட்ட நிபந்தனையை ஏற்கலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு, 61 சதவீதம் பேர் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். டிவியைத் திறந்தால் கிரீஸ் யூரோவை விட்டுப் போகிறது, போகிறது என்று ஒரே பேச்சு. தம்பி நேரில் பார்த்ததைச் சொன்னான்: “அண்ணே, நம்ம ரேஷன் கடை மாதிரி வரிசை. அறுபதுன்னு பேருதான், மிஷினுல இருபது யூரோ நோட்டு தீந்துபோச்சுன்னா ஐம்பதோட சரி. எங்கள மாதிரி வெளிநாட்டு கார்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்ல. பின்னால நிக்கிற கெழவிக்குத் தெரியாம எடுத்துட்டு வர வேண்டியிருந்துச்சு, வெக்கமாப் போச்சு.”

சரி, அந்தப் பதினாறு நோட்டை எடுத்துக்கொண்டு இந்தக் கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கத்தை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கள்ளநோட்டு பார்க்கிறார் என்று நினைத்தேன். பார்த்துப் பார்த்து இரண்டு அடுக்காக வைத்தார், ஒன்றில் பதினொன்று, மற்றதில் ஐந்து. சின்ன அடுக்கைத் தொட்டு “இதுக்கு அறுபத்தெட்டரை” என்றார். பெரிய அடுக்கைத் தொட்டு “இதுக்கு அறுபது.”

ஏன் என்றேன். “இது ஒய் சார். ஒய்னா கிரீஸ் நோட்டு. அவன் யூரோவ விட்டுப் போகப்போறான். போயிட்டா இது வெறும் காகிதம்.” போனை எடுத்து ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டையும் காட்டினார். எக்ஸ் என்றால் ஜெர்மனி, யு என்றால் பிரான்ஸ், எஸ் இத்தாலி, வி ஸ்பெயின், ஒய் வாங்காதே. கீழே கும்பிடுகிற கை மூன்று.

550 யூரோவுக்கு எட்டரை ரூபாய் வீதம் 4,675 ரூபாய். ஒரு எழுத்துக்கு.

எழுத்து விஷயம் பாதி உண்மை, அதுதான் சிக்கலே. பழைய வரிசை யூரோ நோட்டில் பின்பக்கம் ஒரு எழுத்தும் பதினோரு எண்ணும் இருக்கும், அந்த எழுத்து எந்த நாட்டு மத்திய வங்கி அச்சடிக்கச் சொன்னது என்பதைக் காட்டும். ஒய் கிரீஸ்தான். ஆனால் அது அச்சுக்கூடக் கணக்கு, கடன் கணக்கு இல்லை. நோட்டுக்குப் பொறுப்பு எல்லா நாட்டு மத்திய வங்கிகளும் சேர்ந்த அமைப்புக்கு. ஒய் நோட்டு பெர்லினிலும் செல்லும், எக்ஸ் நோட்டு ஏதென்ஸ் ஏ.டி.எம்.மிலும் வரும். தம்பி கையில் இருந்த பதினாறில் ஐந்து வேறு எழுத்து, எல்லாம் ஒரே ஊரில் ஒரே ஆள் எண்ணிக் கொடுத்ததுதான். இதைச் சொன்னதற்கு அவர் “நீங்க சொல்றது சரியா இருக்கலாம் சார், ரிஸ்க்கு யாருக்கு?” என்றார்.

அந்தக் கேள்விக்குத்தான் இத்தனை வருஷமாக மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருந்தார். கிரீஸ் அன்றைக்கு ராத்திரியே யூரோவை விட்டுப் போயிருந்தால் எது அடிவாங்கும்? ஏதென்ஸ் பேங்கில் கிடக்கிற கணக்குகள், அரசாங்கம் கொடுக்கிற சம்பளம், பென்ஷன், அந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் எழுதின வாடகைச் சீட்டு. ஒரே சட்டத்தில் இதெல்லாம் கிரீஸின் பழைய பணமான டிராக்மா என்று மாறிவிடும். சட்டம் தொட முடியாத ஒன்று உண்டு என்றால் அது கையில் இருக்கிற காகித யூரோதான், அதுவும் மணவாளக்குறிச்சியில் ஒரு வீட்டு பீரோவில் இருக்கிற காகித யூரோ. அந்தக் கிழவி ஏன் வெயிலில் நின்று தினம் அறுபது அறுபதாக எடுத்தாள் என்று நினைக்கிறீர்கள்? பேங்கில் இருக்கிற யூரோ நாளைக்கு யூரோவாக இருக்குமா என்று தெரியாது, கையில் இருப்பது யூரோதான் என்று அவளுக்குத் தெரியும். அவள் வரிசையில் நின்று வாங்கிப் பத்திரப்படுத்தின அதே நோட்டுக்கு இங்கே எட்டரை ரூபாய் குறைவு.

ஒரு நியாயத்துக்காகச் சொல்கிறேன், பயப்படுவதற்கு முன்மாதிரியே இல்லை என்று சொல்ல முடியாது. 1993இல் செக்கும் ஸ்லோவாக்கியாவும் பணத்தைப் பிரித்துக்கொண்டபோது பழைய நோட்டில் ஸ்டாம்ப் ஒட்டித்தான் பிரித்தார்கள். கிரீஸும் உள்ளூரில் இருக்கிற நோட்டில் முத்திரை குத்தலாம் என்று வைத்துக்கொண்டாலும், குத்தாத நோட்டு யூரோதானே? நாகர்கோவில் மாடிக்கு யார் வந்து குத்தப் போகிறார்கள்.

அடுத்த வருஷம் நவம்பர் 8 நமக்கே வந்தது. அப்போது இங்கே ஏ.டி.எம்.மில் நாளைக்கு 2,000 என்று நின்றோமே, அந்த வரிசையில் நிற்கும்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. நம் ஊரில் கணக்கில் இருந்த பணம் பத்திரம், கையில் இருந்த 500, 1,000 நோட்டு செல்லாது. கிரீஸில் கையில் இருந்தது பத்திரம், கணக்குக்குத்தான் பூட்டு. இரண்டு இடத்திலும் வரிசை என்னவோ ஒரே நீளம்.

திரும்ப 2015க்கு வருகிறேன். பதினாறு நோட்டையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கவுன்டர் கண்ணாடிக்கு அடியில் அலங்காரத்துக்கு என்று திருவிதாங்கூர் காசுகளை அடுக்கி வைத்திருந்தார்கள், சங்கு முத்திரை போட்ட செம்புக் காசு, சின்னச் சின்ன சக்கரம். இந்த மண் ஒருகாலத்தில் தனிக் காசு வைத்திருந்த மண். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். வெள்ளைக்காரன் ரூபாய் என்றால் இருபத்தெட்டரை சக்கரம். 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்த பிறகு அந்தக் கணக்கெல்லாம் முடிந்தது. ஆனால் எங்கள் பாட்டி சாகிறவரை “கையில ஒரு சக்கரம் இல்ல” என்றுதான் சொல்வாள். நாமும் தனிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பெரிய பணத்துக்குள் போனவர்கள்தான், ஆனால் விட்டுப் போகலாமா என்று யாரும் கேட்பதில்லை. காரணம் லேசானது. ரப்பர் விலை விழுந்து மார்த்தாண்டம் பக்கம் கையில் காசு ஓடாத வருஷத்திலும் முதியோர் பென்ஷன் வருகிறது, ரேஷன் அரிசி வருகிறது, ரயில் ஓடுகிறது, யாரும் அதைக் கடன் என்று எழுதி வைப்பதில்லை. ரூபாய்க்குப் பின்னால் ஒரு பொது கஜானா இருக்கிறது. யூரோவுக்குப் பின்னால் பொது நோட்டுதான் இருந்தது, பொது கஜானா இல்லை. கிரீஸுக்குக் கிடைத்ததெல்லாம் கடன்: 2010இல் 110 பில்லியன் யூரோ, 2012இல் இன்னொரு 130, அதில் பெரும்பகுதி பழைய கடனையும் வட்டியையும் அடைக்கவே போனது.

அன்று மதியமே பஸ் ஏறி மார்த்தாண்டம் போனேன். அங்கே ஒரு பெரியவர் கடை இருந்தது. (அவர் இப்போது கடையை மூடிவிட்டு மகனோடு போய்விட்டார், அதனால்தான் இந்தப் பாவப்பட்ட விமர்சனம் எழுத வேண்டியிருக்கிறது.) அவர் நோட்டைப் புரட்டினார், விரலால் தடவினார், எழுத்தைப் பார்க்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் 68.25. “ஒய் இருக்கே அண்ணாச்சி” என்று நானே சொன்னேன். “இருக்கட்டும்” என்றார். கிரீஸ் போய்விட்டால்? மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “சீட்டு பிடிச்சவன் பாதியில எப்படி மக்களே போவான்? சீட்டு பிடிக்காதவன் போகலாம்.”

முதலில் சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். டீ வாங்கிக் கொடுத்து விளக்கினார், டீயும் ரசவடையும் அவர் கணக்கு. அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். கிரீஸ் 2001இல் யூரோவுக்குள் போனபோது ஒரு யூரோவுக்கு 340.75 டிராக்மா என்று பூட்டினார்கள். வெளியே வந்தால் புது டிராக்மா அதே விலையில் நிற்காது, அதற்குத்தானே வெளியே வருவதே. பணம் மலிவானால் வெள்ளைக்காரனுக்கு அவர்கள் ஊர் ஹோட்டல் ரூம் மலிவு, ஆலிவ் எண்ணெய் மலிவு, கப்பல் ரிப்பேர் மலிவு, வேலை கிடைக்கும். அது நல்லது. ஆனால் கடன் யூரோவில் எழுதியிருக்கிறது. பூட்டின அதே விலையில் ஆரம்பித்துப் பாதியாக விழுந்தது என்று வைத்தால் ஒரு யூரோ கடனுக்கு 340.75 டிராக்மா போய் 681.50 டிராக்மா தேட வேண்டும். வருஷ வருமானம் நூறு என்றால் கடன் நூற்றெழுபது, நூற்றெண்பது என்று ஏற்கெனவே கழுத்தளவு நிற்கிற வீடு அது. கடனைக் கொடுக்க முடியாது என்று சொல்வது ஒரு முடிவு, பணத்தை மாற்றுவது இன்னொரு முடிவு. டிவியில் பேசினவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கினார்கள் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான். கடனை 2010இலேயே வெட்டியிருந்தால் 2015 வரிசையே வந்திருக்காது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். 2012இல் தனியார் கடன்காரர்களுக்கு முகமதிப்பில் பாதிக்கு மேல் வெட்டினார்கள், அதற்குள் இரண்டு வருஷம் போய்விட்டது.

54,600 ரூபாய் எண்ணிக் கொடுத்தார். அதில் ஒரு ஒய் நோட்டை மட்டும் நான் திரும்ப விலைக்கு வாங்கிக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் அப்போது பதில் இல்லை, கோபம்தான்.

அதற்குப் பிறகு நடந்தது ஊர் அறிந்தது. ஜூலை 12 சாயங்காலம் உட்கார்ந்த யூரோ நாட்டுத் தலைவர்கள் பதினேழு மணி நேரம் பேசி மறுநாள் காலையில் எழுந்தார்கள். ஐந்து வருஷம் தற்காலிகமாக வெளியே போ என்று ஜெர்மன் நிதியமைச்சர் ஷொய்ப்ளே பக்கத்திலிருந்து ஒரு யோசனை கூட வந்தது. யூரோவை விட்டுப் போவதற்கு ஒப்பந்தத்தில் வாசல் என்று ஒன்றே கிடையாது, உள்ளே வருகிற வழிதான் எழுதியிருக்கிறது. முடியாது என்று வாக்குப் போட்ட ஜனங்களின் பிரதமர் சிப்ராஸே அதைவிடக் கடினமான நிபந்தனையில் கையெழுத்துப் போட்டார், மூன்றாவது கடன் 86 பில்லியன் வரை. பணத்துக்குப் போட்டிருந்த கட்டுப்பாடுகளின் கடைசி மிச்சம் 2019 செப்டம்பரில்தான் போனது. இன்றுவரை யாரும் யூரோவை விட்டு வெளியே போகவில்லை. 2023இல் குரோஷியா உள்ளே வந்தது.

இப்போது போன மாதம். அக்கா மகள் ஜெர்மனியிலிருந்து லீவுக்கு வந்தாள், எட்டு ஐம்பது யூரோ நோட்டு, எல்லாம் புது வரிசை. பெரியவர் கடை இல்லை, அதனால் வேறு வழியில்லாமல் இந்த மாடிப்படி. டைரிக்குள் பத்து வருஷமாகக் கிடந்த ஒய் நோட்டையும் எட்டுக்கு நடுவில் செருகிக்கொண்டேன். சின்னப்புத்திதான், ஒப்புக்கொள்கிறேன்.

கவுன்டரில் இப்போது ஒரு பெண் பிள்ளை. மரியாதையாகப் பேசியது, பாஸ்போர்ட் நகல் கேட்டது, உட்காரச் சொன்னது, ஏசி குளிர்ந்தது. கூகுளில் யூரோ நூறைத் தாண்டியிருந்தது, பலகையில் வாங்கும் விலை 97.50. பலகை விலையைப் பார்த்து அப்படியே கொடுத்துவிட்டு வராதீர்கள், கேட்டால் ஏற்றுவார்கள், எனக்கு 99க்கு வந்தது. ரசீது கேட்டு வாங்குங்கள். ஜிஎஸ்டி போடுவார்கள், அது ஏமாற்று இல்லை: ஒரு லட்சம் வரை என்றால் தொகையில் ஒரு சதவீதத்துக்கு 18 சதவீதம், எவ்வளவு குறைவாக மாற்றினாலும் 45 ரூபாய் உண்டு. 39,600க்கு எனக்கு 71 ரூபாய் சொச்சம். வெளிநாடு போய் வந்தவர்கள் மீதி நோட்டை 2,000 டாலர் மதிப்பு வரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இருந்தால் 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். சில்லறைக் காசை எந்தக் கடையும் வாங்காது, அக்கா மகள் பையில் ஆந்தை படம் போட்ட ஒரு யூரோ காசு ஒன்று இருந்தது, அது கிரீஸ் காசு. நோட்டில் நாட்டுப் பெயரே கிடையாது, காசில்தான் ஒவ்வொரு நாடும் தன் படத்தைப் போட்டுக்கொள்கிறது. அதைப் பார்த்து அந்தப் பிள்ளை “கோட்டான் நல்லா இருக்கு” என்று திருப்பிக் கொடுத்தது.

அப்புறம் நோட்டு. பச்சை ஸ்பாஞ்சில் விரலைத் தொட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணியது, நாலாவதில் நின்றது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, சண்டைக்கு வார்த்தையெல்லாம் தயாராக இருந்தது, அச்சுக்கூடக் கணக்கு, ஸ்டாம்ப், பேங்க் கணக்கு, கிழவி, எல்லாம். உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தது.

“சார், இது மட்டும் பழைய டிசைன். பழைய டிசைனுக்கு ஒரு ரூபாய் குறைவு.”

ஒய் எழுத்தை அது பார்க்கவே இல்லை. பழைய வரிசை நோட்டும் செல்லும், மதிப்பு குறையாது என்று ஐரோப்பிய மத்திய வங்கியே சொல்லியிருக்கிறது என்றேன். “ஆமா சார், ஆனா மேல இருந்து அப்படித்தான் சொல்லியிருக்காங்க.” ஐம்பது யூரோவுக்கு ஐம்பது ரூபாய் வித்தியாசம். 4,675இலிருந்து ஐம்பதுக்கு இறங்கியிருக்கிறார்கள், இன்னும் ஒரு பத்து வருஷம் கொடுத்தால் சரியாக வந்துவிடுவார்கள் போல. நோட்டை வாங்கி மறுபடி டைரிக்குள் வைத்துக்கொண்டேன்.

வண்டி நிறுத்த இடம் இல்லை, எதிர்ப் பக்கம் விட்டுவிட்டு நடந்துதான் வர வேண்டும். சனிக்கிழமை மதியம் ஒன்றரைக்கு மேல் போகாதீர்கள், ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துவிட்டு உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.